இருபத்திரண்டு தட்டு

அண்டார்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையமான மைத்ரியில் குளிர்காலக் குழுவுக்குத் தலைவனாக இருந்த வருஷம் அதிகமாக என்ன வேலை செய்தாய் என்று கேட்டால், தட்டு எண்ணினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குக் கடைசி ஆளாகப் போய் உட்காருவேன். எழுந்திருக்கும்போது கழுவுதொட்டியில் கிடக்கிற தட்டுகளைக் கண்ணாலேயே எண்ணிவிடுவேன். என்னுடையதோடு சேர்த்து இருபத்திரண்டு இருந்தால் சரி. இருபத்தொன்று என்றால் எவனுடையது குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் ஷிஃப்டில் இருக்கிறானா, காய்ச்சலா, தூங்கிவிட்டானா, இல்லை வர மனசில்லையா. முதல் மூன்றும் கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை.

ஊரில் இதைச் சொன்னால் ஏமாந்துபோகிறார்கள். பெங்குவின் பார்த்தீங்களா என்பதுதான் முதல் கேள்வி. மைத்ரி கடலோரத்தில் இல்லை. கப்பல் வந்து நிற்கிற, கடல்மேல் மிதக்கிற பனித்திட்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, ஷிர்மாக்கர் என்ற பாறைத் திட்டில் இருக்கிறது. கோடையில் ஸ்கூவா என்ற பழுப்புப் பறவை வரும், சமயத்தில் குப்பை மூட்டையைக் கொத்தும். அது கிளம்பிப் போனபிறகு எட்டு மாதம் எங்களைத் தவிர உயிருள்ள எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

நான் துருவத்துக்குப் போனது திருநெல்வேலி வழியாக. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டி ஓடுவதால்தான் அது அங்கே இருக்கிறது. அந்தக் கோட்டில் ஒரு காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் மேலும் சாயாது, கீழும் சாயாது, பாய்போட்டதுபோல் படுத்துக்கிடக்கும். பகலில் தலைக்குமேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்குப் பார்த்து ஓடும். துருவத்தில் வேறொரு மின்னோட்டம். துருவ ஒளியோடு, அதாவது இரவு வானத்தில் திரைபோல் அசைகிற வெளிச்சத்தோடு, உறவு கொண்டது அது. சூரியன் ஒரு புயலை வீசினால் இரண்டும் ஆடும். ஒன்றின் ஆட்டம் புரிய இன்னொன்றின் கணக்கு வேண்டும். அதனால்தான் பூமியின் காந்தத்தை அளக்கிற காந்தமானியைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஆட்கள் மைத்ரிக்குப் போய்வருகிறார்கள். அங்கே அதே ஊசியின் வடமுனை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு 29 வயது. பதினான்கு வருஷம் கழித்துத் தலைவனாகப் போனேன்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மைத்ரிக்கு ஏன் கால் இருக்கிறது என்பது புரியாது. கடல் விஞ்ஞானி எஸ்.இஸட். காசிம் தலைமையில் இந்தியாவின் முதல் குழுவாக 21 பேர் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் எழுந்தது. ஆனால் கட்டியது பனித்திட்டின் மேல். வருஷா வருஷம் பனி விழ விழக் கட்டடம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது; பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. 1989-ல் மைத்ரியைப் பாறைமேல், தூண்கள் வைத்து, அடியில் காற்றும் பனியும் ஓடிப்போக இடம் விட்டுக் கட்டினார்கள். எதிரே ஏரி. பிரியதர்ஷினி என்று பெயர். எங்கள் குடிதண்ணீர் அதிலிருந்துதான். மேலே கட்டியாக உறைந்திருந்தாலும் அடியில் தண்ணீர் கிடக்கும். அதைக் குழாயில் உறையாமல் நிலையத்துக்குக் கொண்டுவருவது தனிப் பாடு. குழாய் உறைந்தால் அன்றைக்கு இருபத்திரண்டு பேருக்கும் ஒரே வேலைதான், விஞ்ஞானி என்ற பட்டம் எல்லாம் கதவுக்கு வெளியே.

போக ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் தயாரிப்பைப் பற்றிச் சில வார்த்தை. கோவாவில் இருக்கிற தேசிய துருவ மற்றும் கடல் ஆய்வு மையம்தான் பயணங்களை நடத்துகிறது. தனியாளாக மனுப் போட்டுப் போகிற இடமில்லை. உங்கள் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் தேர்வாக வேண்டும், அதில் நீங்கள் இருக்க வேண்டும். பிறகு டெல்லியில் உடல் பரிசோதனை, மனநலப் பரிசோதனை. அதற்குப் பிறகு உத்தராகண்டில் ஆவ்லி. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்காரர்கள் பனியில் நடக்கவும், விழவும், விழுந்தவனைத் தூக்கவும் பழக்குவார்கள். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், சும்மா அடைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் பயணத்தில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஜூன் மாதம் வீங்கி, பொது மருத்துவர் ஒருவர் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பிடுங்கினார். பிடுங்கியவருக்கும் வேர்த்தது, எனக்கும் வேர்த்தது.

அதற்கே அலறினேன். எங்களுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ரஷ்யர்களின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் 1961-ல் லியனீது ரோகசோவ் என்ற 27 வயது மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். அங்கே மருத்துவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. மரத்துப்போகும் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு, ஒருவர் கண்ணாடி பிடிக்க, இன்னொருவர் கருவிகள் எடுத்துக்கொடுக்க, பாதி கண்ணாடியைப் பார்த்தும் பாதி கையால் தடவியும் முடித்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்வேன். வீரக்கதையாக இல்லை. வயிற்றுவலி வந்தால் அன்றைக்கே சொல்லு, நாலு நாள் அடக்கிவைக்காதே என்பதற்காக.

கடைசி விமானம் போகிற நாளில் எல்லோரும் வெளியே நின்று கையாட்டுவோம். கேப் டவுனிலிருந்து ஆறு மணி நேரத்தில் வந்துசேர்கிற விமானம்தான். ஆனால் அது கிளம்பிவிட்டால் அடுத்தது நவம்பரில். சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஒருவன் கட்டாயம் ஜோக் அடிப்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்று இரவு சமையல் கொஞ்சம் பலமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மூன்றாம் வாரம் சூரியன் போய்விடும். திரும்ப ஜூலை நான்காம் வாரம் ஆகும். முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். நடுப்பகலில் வடக்குத் தொடுவானத்தில் ஒரு செம்மை தட்டும், ஒரு மணி, இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அணையும். அந்தச் செம்மைக்கு ஆட்கள் ஜன்னலில் வந்து நிற்பதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். குளிர் பழகிவிடும். முப்பது டிகிரி கீழே போனாலும் உடுப்பு இருக்கிறது. வேர்க்கவிடாமல் வேலை செய்யத் தெரிந்தால் போதும். பழகாதது வறட்சி. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடிக்கும். தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கும், போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்.

அந்த வறட்சிக்கு இன்னொரு முகம் தீ. சுற்றிலும் உலகத்தின் பெரும்பகுதி நன்னீர் உறைந்து கிடக்கிறது, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் இல்லை. 1982-ல் அண்டார்டிகாவிலேயே சோவியத் யூனியனின் வோஸ்தோக் நிலையத்தில் மின்நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மற்ற இருபது பேரும் கையால் செய்த அடுப்புகளை வைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் ஃபெராஸ் நிலையம் எரிந்து இரண்டு பேர் போனார்கள். அதனால் இரவுக் காவலும் வாராந்திரத் தீயணைப்புப் பயிற்சியும் எந்தச் சாக்குக்கும் நிற்கக் கூடாது. ஜூலை மாதம் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும்.

இப்போது குறைந்துபோன தட்டுக்கு வருகிறேன்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட பையன் ஹரியானாக்காரன், ராணுவத்திலிருந்து வந்தவன். ஜூன் நடுவில் காலைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். பிறகு மதியமும். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு தனியாக வந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் போவான். வேலையில் குறையில்லை. நான் செய்த முதல் முட்டாள்தனம், அவனை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, “ஏதாவது பிரச்சினையா?” என்று என் திருநெல்வேலி இந்தியில் கேட்டது. “இல்லை, லீடர் சாப்.” விறைப்பாக நின்றான், சல்யூட் மாதிரி. அதன்பிறகு என்னைக் கண்டாலே வேறு வழியில் போனான்.

வழி கிடைத்தது மாவில். ஞாயிற்றுக்கிழமை தோசை போடுவதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அரைத்த மாவு சமையலறையில் இரண்டு நாள் ஆகியும் பொங்கவில்லை. நிலையத்திலேயே சூடு நிலையாக இருக்கிற இடம் ஜெனரேட்டர் அறைதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். “ராத்திரி பூரா இது உன் பொறுப்பு. பொங்கி வழியவும் கூடாது, பொங்காமல் இருக்கவும் கூடாது. காலை ஏழு மணிக்கு மேசைக்கு வரணும்.” அவனுக்கு மாவு எதற்குப் பொங்க வேண்டும் என்றே தெரியாது. ராத்திரி இரண்டு தடவை இன்டர்காமில் என்னை எழுப்பினான். குமிழ் வருது, சரியா என்று. காலையில் சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குழந்தையைத் தூக்கிவருவதுபோல் வந்தான். வந்தவன் உட்கார்ந்து எட்டுத் தோசை தின்றான். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் தோசை. மற்ற நாள்களில் தயிர் உறைய வைக்கிற பொறுப்பும் அவனுடையதாகிவிட்டது. அவனுக்கு உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மறுபடி கேட்கவுமில்லை.

அடுத்தவனைப் பற்றிச் சொல்லிவிட்டு என் தப்பைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. வெளியே போகிறவன் பலகையில் பெயர், போகிற இடம், திரும்புகிற நேரம் எழுத வேண்டும். காற்று எழும்பினால் தனியாகப் போகவே கூடாது. ரேடியோ கையில் இருக்க வேண்டும். இந்த விதிகளைத் தினம் கத்துகிறவன் நான். ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி காந்தமானியின் கோடு தாறுமாறாக ஆடத் தொடங்கியது. அந்தப் பருவத்திலேயே பெரிய காந்தப் புயல். மேலே பச்சைத் திரை அசைந்துகொண்டிருந்தது, நடுநடுவே பனிப்புழுதி அதை மறைத்தது. ஒரு கருவி பதிவை நிறுத்திவிட்டது. காந்தக் குடில் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, இரும்புக் கலப்பே இல்லாமல் கட்டியது. உள்ளே போகிறவன் பெல்ட், சாவி, போன், கத்தி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். நான் அந்தப் பழக்கத்தில் ரேடியோவையும் மேசையிலேயே வைத்துவிட்டு, பலகையில் எழுதாமல், பத்து நிமிஷ வேலைதானே என்று வழிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன்.

போனது பத்து நிமிஷம். திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. நீட்டிய கையின் கையுறை தெரியவில்லை. கயிறு மட்டும் தெரியும், அதுவும் கையால்தான். ஒவ்வொரு தூணாகத் தடவி வந்து கதவைத் தொட்டால், தாழ்ப்பாளில் பனி இறுகி அசையவே இல்லை. உதைத்தேன், கத்தினேன். காற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் தட்டு எண்ணுகிற என் வேலையை எனக்கே செய்திருக்கிறார்கள். படுக்கப் போகுமுன் மருத்துவர் ஆள் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று எல்லோரையும் எழுப்பி, தேடக் கிளம்பிக் கதவைத் திறக்கும்போது வாசலிலேயே நான். கால்மணி நேரம் நின்றிருப்பேன். கன்னத்தில் ஒரு இடம் இன்னும் குளிர்காலத்தில் மரத்துப்போகும். மறுநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன், தண்டனையாக ஒரு வாரம் பாத்திரம் கழுவினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதன்பிறகு அந்தப் பலகையில் எழுதாமல் ஒருவனும் வெளியே போகவில்லை. ஆனால் இப்படி ஒரு வழியை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செப்டம்பரில் சாட்டிலைட் போன் வந்தது. சமையற்காரரின் அண்ணன், கட்வால் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து. அப்பா போய்விட்டார். “அவனிடம் சொல்லாதீங்க சாப். நவம்பரில் ஊருக்கு வந்தபிறகு நாங்களே சொல்லிக்கிறோம். அங்கே தனியா என்ன பண்ணுவான்?” நம் வீடுகளிலும் இதைத்தானே செய்வோம், துபாயில் இருக்கிறவனுக்கு ஒரு மாதம் கழித்துச் சொல்வோம். அண்ணனோடு அரைமணி நேரம் பேசினேன். ஒரு வீட்டுச் சேதியை நான் கையில் வைத்துக்கொண்டு, அவர் பரிமாறுகிற சோற்றை இரண்டு மாதம் எப்படித் தின்பது? இருபத்திரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு ரகசியம் மூன்று நாள் நிற்காது என்பது வேறு. கடைசியில் அவர், “நீங்க அங்கே இருக்கிறவர், உங்களுக்குத் தெரியும்” என்றார்.

மருத்துவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மணியிலேயே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ‘உடம்பு சரியில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்கிறவன் நம்பிக்கை வைத்துவிடுவான், பிறகு அதையும் நீங்களே பிடுங்க வேண்டும். அவர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். அண்ணனோடு பேச வேண்டும் என்றார். இரண்டு நாள் மற்றவர்கள் சமைத்தோம், மகா மட்டம். மூன்றாம் நாள் வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

தலையை மழித்துவிட்டது வெல்டர். பதின்மூன்றாம் நாள் பூரியும் பாயசமும் செய்தார். காக்கைக்கு ஒரு பிடி வெளியே வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். காக்கை இல்லைதான், ஸ்கூவாவாவது வந்தால் தின்னுமே என்றார். அண்டார்டிகாவில் ஒரு பருக்கை சோறுகூட வெளியே போடக் கூடாது. அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1991 மாட்ரிட் உடன்படிக்கை அப்படி. காய்த்தோலிலிருந்து கழிப்பறைச் சாம்பல்வரை பீப்பாயில் அடைத்துக் கப்பலில் திருப்பி அனுப்புகிறோம். தலைவன் என்கிற பதவியில் எனக்குப் பிடிக்காமல் சொன்ன ஒரே ‘கூடாது’ அதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது மேசைக் கோடியில், ஜன்னல் பக்கம், பரிமாறி வைத்த ஒரு தட்டு இருந்தது. வழக்கம்போல எண்ணினேன். இருபத்துமூன்று வந்தது. ஒருமுறை தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப எண்ணி, அப்புறம்தான் புரிந்து தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் அந்தச் சாப்பாடும் பீப்பாய்க்குத்தான் போனது. அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

நவம்பரில் முதல் விமானத்தில் வெங்காயமும் தக்காளியும் வந்தன. ஒரு தக்காளியை ஆளாளுக்கு முகர்ந்து பார்த்தபிறகுதான் நறுக்கினோம். கூட்டம் வந்து சேர்ந்ததும் எங்களுக்கு எரிச்சல் வந்தது. புது ஆட்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், எங்கள் நாற்காலியில் உட்காருகிறார்கள். இதுவும் எல்லாக் குழுவுக்கும் நடப்பதுதான். ஊருக்குப் போனதும் கடைத்தெருவில், கல்யாண வீட்டில் இது இன்னும் முற்றும். மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த தலைவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது எரிபொருள் கணக்கு, மருந்துக் கணக்கு எல்லாவற்றோடும் என் நோட்டிலிருந்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் வரி: வெளிக்கதவுத் தாழ்ப்பாள் இறுகும், கதவுக்கு வெளியே வலதுபக்கம் ஒரு மரச்சுத்தியல் தொங்குகிறது, அதை உள்ளே எடுத்து வைக்காதீர்கள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். “முதல் பாயிண்டே இதுதானா சார்?”

அடுத்த மே மாதம் கிருஷ்ணாபுரத்தில் வேலையில் இருந்தேன். மைத்ரியிலிருந்து ஒரு செய்தி. ஒரே வரி. “சார், அந்தச் சுத்தியலை எந்த ஆணியில் மாட்டியிருந்தீங்க?”